வளவும் வளர்ப்பும்: சண்டைக்கென்று வளர்த்த நாய்



சென்ற மாதம் ஆட்டுக்குட்டிகளுக்கு மாரியில் வருகிற கழிச்சலைப் பற்றிப் பார்த்தோம். இந்த மாதமும் ஆடு, கோழியோடு நிற்கலாம் என்றுதான் இருந்தேன். உடுப்பிட்டியில் நடந்த சுயதொழில் குழுக் கூட்டம் ஒன்றில் ஒரு தங்கச்சி எழும்பிக் கேட்ட கேள்வி என்னை நாய்ப் பக்கம் திருப்பிவிட்டது. அவருடைய அண்ணன் கனடாவிலிருந்து கொஞ்சக் காசு அனுப்ப ஆயத்தமாக இருக்கிறாராம். மிச்சத்துக்குக் கடன் எடுக்கலாமாம். கொழும்பிலிருந்து ஒரு சோடி புல்டோக் குட்டி வாங்கி வளர்த்தால் ஆறு மாதத்தில் போட்ட முதலை எடுத்துவிடலாம் என்று யாரோ கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். "வாங்கலாமோ அக்கா?" என்பதுதான் கேள்வி.

வேண்டாம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை. அந்த நாய் எப்படி உண்டானது என்ற கதை தெரிந்தால் முடிவை நீங்களே எடுப்பீர்கள். சண்டைக்கென்று வளர்த்த ஒரு பிராணி, சண்டை நின்ற பிறகு என்னவானது என்ற கதை அது. எங்களுக்கு அது கொஞ்சம் கூடவே விளங்கும்.

புல்டோக்கை நேரில் காணாதவர்களும் படத்தில் கண்டிருப்பீர்கள். குட்டைக் கால், அகன்ற நெஞ்சு, சப்பட்டை முகம், மேல்தாடையைத் தாண்டி முன்னுக்கு வந்து நிற்கிற கீழ்த்தாடை, மடிப்பு மடிப்பாக விழுந்த தோல். வளர்ந்த நாய் ஏறக்குறைய 25 கிலோ நிற்கும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சிலை இந்த நாயாகவே வரைந்து கேலிச்சித்திரம் போட்டார்கள். வெள்ளைக்காரருடைய பிடிவாதத்துக்கு இது ஓர் அடையாளம். முகத்தைப் பார்த்தால் கடிக்கப் போவதுபோல இருக்கும். உண்மையில் இன்றைய புல்டோக் மிகவும் சாது. குழந்தைகளோடு ஒட்டிக்கொண்டு, சோம்பலாய்ப் படுத்துக் கிடக்கிற நாய். காவலுக்கென்று வாங்கியவர்கள் ஏமாந்து போவது இதனால்தான்.

'புல்' என்றால் ஆங்கிலத்தில் காளை. காளையோடு மோதவிட்ட நாய் என்பதால் வந்த பெயர் அது. இங்கிலாந்தில் பல நூறு வருடமாக ஒரு விளையாட்டு இருந்தது. சந்தை கூடும் இடத்தில் நிலத்தில் ஓர் இரும்பு வளையத்தை இறுக்கி, அதில் காளையைக் கயிற்றால் கட்டுவார்கள். பிறகு நாயை ஏவிவிடுவார்கள். நாய் நிலத்தோடு நிலமாகத் தவழ்ந்துபோய்க் காளையின் மூக்கைக் கவ்விப் பிடிக்க வேண்டும். மூக்கு காளைக்கு நோ கூடிய இடம். அதைப் பிடித்துவிட்டால் எவ்வளவு பெரிய காளையும் அடங்கும். காளையும் சும்மா நிற்காது. தலையைத் தாழ்த்திக் கொம்பால் நாயைக் குத்தித் தூக்கி எறியும். குடல் சரிந்த நாய்கள் எத்தனையோ. சுற்றி நின்ற சனம் பந்தயம் கட்டும்.

எங்களுடைய மாட்டுவண்டிச் சவாரியில் மாட்டுக்கு விழுகிற அடியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக் கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். அங்கே நடந்தது அதைவிடப் பல மடங்கு. ஆனால் அந்த ஊர்ச் சனம் அதைக் கொடுமையென்று நினைக்கவில்லை. வெட்டுவதற்கு முதல் காளையை இப்படிக் களைக்க வைத்தால் இறைச்சி மென்மையாகும் என்று நம்பினார்கள். நாய் விடாமல் காளையை வெட்டி விற்ற இறைச்சிக்காரருக்குத் தண்டம் போட்ட நகரங்களும் இருந்தன. 1630களின் தொடக்கத்திலேயே புல்டோக் என்ற சொல் கடிதத்தில் வந்துவிட்டது. ஸ்பெயினில் இருந்த ஓர் ஆங்கிலேயர், நல்ல புல்டோக் இரண்டு அனுப்பிவைக்கும்படி லண்டனில் இருந்த தன் நண்பருக்கு எழுதிய கடிதம் அது.

இந்த வேலைக்கு ஏற்றாற்போல நாயைத் தெரிந்து தெரிந்து இணைத்தார்கள். கொம்புக்கு எட்டாமல் இருக்கப் பதிந்த உடம்பு. பிடித்தால் விடாத பலமான தாடை. எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு நோ வந்தாலும் பின்வாங்காத குணம். மூக்கு உள்வாங்கி இருப்பதும் இதற்குத்தான், காளையைக் கவ்விக்கொண்டே மூச்சு விடலாம் என்று வளர்ப்பவர்கள் பெருமையாகச் சொல்லுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1817 இல் வெளியான, கிரிப், றோசா என்ற இரண்டு புல்டோக்குகளின் படம் ஒன்று இருக்கிறது. அந்த நாய்களுக்குக் கால் நல்ல உயரம். மூக்கும் வேண்டிய அளவு நீளம். உடம்பு இறுகி, ஓடக்கூடிய நாயாகத்தான் இருக்கிறது. காளையோடு உண்மையில் சண்டை பிடித்த நாய்க்கு இன்றைய சப்பட்டை முகம் இருக்கவில்லை. அது பிறகு வந்தது. எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

1800 ஆம் ஆண்டு இந்த விளையாட்டைத் தடைசெய்யப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். இரண்டே வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. எதிர்த்துப் பேசியவர்களில் வில்லியம் விண்டம் என்பவர் முக்கியமானவர். பணக்காரர் குதிரையில் ஏறி வேட்டையாடுவதை விட்டுவிட்டு, ஏழைகளுடைய ஒரேயொரு பொழுதுபோக்கை மட்டும் ஏன் பறிக்கிறீர்கள் என்பது அவருடைய வாதம். பாதி நியாயம் இருக்கிறது, இல்லையா? ஏழைகள் செய்வது மட்டும்தான் சட்டத்தின் கண்ணில் படும் என்பது அன்றும் அப்படித்தான். ஆனால் அந்த நியாயத்துக்குள் காளைக்கும் நாய்க்கும் இடம் இருக்கவில்லை. 1822 இல் கால்நடைகளைத் துன்புறுத்துவதற்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் உள்ள கால்நடை என்ற சொல்லுக்குள் காளை அடங்காது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது! கடைசியில் 1835 இல்தான், ஜோசப் பீஸ் என்பவர் கொண்டுவந்த சட்டத்தினால், காளையோடும் கரடியோடும் நாயை மோதவிடுவது முழுதாகத் தடைசெய்யப்பட்டது.

சண்டை நின்றுவிட்டது. சண்டை பிடிக்க வளர்த்த நாய்க்கு இனி என்ன வேலை?

இந்த இடத்தில் அந்த இனம் நாலு திசைக்குப் பிரிந்து போனது. ஒரு பகுதியைச் சட்டத்துக்கு ஒளித்து நாய்ச் சண்டை நடத்தியவர்கள் எடுத்தார்கள். காளையைப்போல நாய்ச் சண்டையை வெளியில் நடத்தத் தேவையில்லை, ஒரு கொட்டிலுக்குள் நடத்தலாம். அதற்கு இன்னும் வேகம் வேண்டும் என்று சிறிய ரெரியர் நாய்களோடு கலந்தார்கள். இன்றைக்குப் புல் ரெரியர், பிற்புல் என்று சொல்லுகிற நாய்கள் அந்த வழியில் வந்தவை. இன்னொரு பகுதி ஜேர்மனிக்குப் போய் அங்கிருந்த நாய்களோடு கலந்து பொக்சர் என்ற இனமானது.

மூன்றாவது பகுதி இடம்பெயர்ந்தவர்களோடு போனது. நொட்டிங்காம் என்ற ஊரில் லேஸ் பின்னுகிறவர்கள் கனபேர் இருந்தார்கள். இயந்திரங்கள் வந்து தொழில் நொடித்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அவர்களில் பலர் கடல் கடந்து பிரான்சின் நோர்மண்டிப் பகுதிக்குப் பிழைப்புத் தேடிப் போனார்கள். போகும்போது தாங்கள் வளர்த்த சின்ன அளவான புல்டோக்குகளையும் கையோடு கொண்டுபோனார்கள். அவைதான் பிறகு பிரெஞ்சு புல்டோக் என்று பெயரெடுத்தன. ஊரை விட்டுப் போகும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசித்தவர்களுக்கு, அந்த மனிதர்கள் நாயைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறியது ஆச்சரியமாக இராது.

மிஞ்சிய நாய்களை, அந்த இனம் அழிந்துவிடக் கூடாது என்று விரும்பியவர்கள் வைத்துக்கொண்டார்கள். இவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். கோபக்கார நாய்களைத் தள்ளி, அமைதியான நாய்களையே இணைத்து, சில பத்து வருடங்களுக்குள் அந்தப் பொல்லாத குணத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். பல நூறு வருடமாகச் சண்டைக்கென்று ஊட்டிய வெறி இரண்டு மூன்று மனிதத் தலைமுறைக்குள் போய்விட்டது. இதை நான் முதன்முதல் வாசித்தபோது நீண்டநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் குணத்தைக் காப்பாற்றியவர்கள் உடம்பைக் காப்பாற்றவில்லை. 1859 இல் நியூகாசில் என்ற நகரத்தில் முதலாவது நாய்க் கண்காட்சி நடந்தது. அடுத்த வருடம் பர்மிங்காமில் புல்டோக்கும் மேடைக்கு வந்தது. 1875 இல் புல்டோக் சங்கம் அமைத்து, நல்ல புல்டோக் என்றால் இப்படி இப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். காளையைப் பிடிக்கிற வேலை இருந்தவரைக்கும் நாயின் உடம்பை அந்த வேலை கட்டுப்படுத்தியது. மூச்சு விட முடியாத நாய் காளைக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்காது. கண்காட்சியில் அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. முகம் சப்பை என்றால் பரிசு. இன்னும் சப்பை என்றால் இன்னும் பெரிய பரிசு. தலை பெரிது என்றால் நல்லது. தோள் அகலம் என்றால் நல்லது. சண்டைக்கார நாயின் தோற்றத்தை மிகைப்படுத்தி மிகைப்படுத்தி, கடைசியில் சண்டை பிடிக்கவும் முடியாத, சரியாக நடக்கவும் முடியாத ஒரு பிராணியை உண்டாக்கினார்கள்.

இது அந்தக் காலத்திலேயே சிலருக்கு விளங்கியது. 1890களில் கிங் ஓரி, டொக்லீப் என்ற இரண்டு பரிசு பெற்ற புல்டோக்குகளுக்கு ஒரு நடைப்போட்டி வைத்தார்கள். தூரம் 20 மைல். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணம் வருகிற தூரத்துக்குக் கிட்ட வரும். கிங் ஓரி பழைய மாதிரி, இலகுவான உடம்புள்ள நாய். அது நடந்து முடித்தது. டொக்லீப் பதிந்த, கனத்த, புது நாகரிக நாய். அது இடைவழியில் விழுந்துவிட்டது. இவ்வளவையும் கண்ணால் கண்ட பிறகும் வளர்ப்பவர்கள் எந்த நாயின் பக்கம் போனார்கள் தெரியுமா? விழுந்த நாயின் பக்கம்தான். இன்றைய புல்டோக் டொக்லீப்பின் சாயலே தவிர, கிங் ஓரியின் சாயல் அல்ல.

இனி எங்களுடைய வளவுக்கு வருவோம்.

நாய்க்கு மனிதரைப்போல உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். உள்ளே போகிற காற்று நீண்ட மூக்கு வழியாகவும் ஈரமான வாய் வழியாகவும் போய்வரும்போது உடம்பு தணிகிறது. புல்டோக்குக்கு மூக்குத் துவாரம் ஒடுங்கல். முகத்தைக் குறுக்கினார்களே தவிர, வாய்க்குள் இருக்கிற மென்மையான சதை குறுகவில்லை. அது தொண்டையை மறித்துக்கொண்டு நிற்கும். அந்த நாய் நித்திரையில் குறட்டை விடுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அது சிரிக்கிற விடயம் அல்ல, மூச்சுக்குத் தவிக்கிற சத்தம். பல விமானக் கம்பனிகள் இந்த இனத்தைப் பொதிப் பகுதியில் ஏற்ற மறுப்பதும் இதனால்தான்.

லண்டன் குளிரிலேயே கோடையில் சூடு தாங்காமல் சாகிற நாய், எங்களுடைய சித்திரை வெயிலில் என்ன செய்யும்? கொழும்பில் வசதியானவர்கள் குளிரூட்டி போட்ட அறையில் வைத்திருக்கிறார்கள். தகரக் கூரை வீட்டில், அல்லது ஒரேயொரு காற்றாடி உள்ள வீட்டில் என்ன செய்வது? 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்சாரம் வெட்டினார்களே, அந்த நாட்களில் பிள்ளைக்கு விசிறுவதா, நாய்க்கு விசிறுவதா?

அடுத்தது பேறு. இதைப் பெண்களாகிய நாங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். கண்காட்சிக்காகத் தலையையும் தோளையும் பெருப்பித்தார்கள், இடுப்பை ஒடுக்கினார்கள். ஆனபடியால் தாயின் இடுப்புக்குள்ளால் குட்டியின் தலை வராது. பிரித்தானியாவில் 2010 இல் வெளியான ஓர் ஆய்வில், புல்டோக்குகளின் பேற்றில் 80 வீதத்துக்கும் மேல் வயிற்றைக் கீறித்தான் நடந்தது என்று கண்டார்கள். பிரெஞ்சு புல்டோக்குக்கும் அதே நிலைதான். நூற்றுக்கு எண்பது! கோடியில் ஒரு சாக்குத் துண்டில் படுத்து, விடியமுதல் ஆறு குட்டியைப் போட்டு நக்கித் துடைத்துவிட்டு, சோறு கேட்டுக் குசினி வாசலில் வந்து நிற்கிற எங்களுடைய ஊர் நாயை நினைத்துப் பாருங்கள். புல்டோக் தாய்க்கு அப்படியொரு விடியல் இல்லை. ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து, கத்தி, தையல். மயக்க மருந்தும் மூச்சுத் தடையுள்ள நாய்க்கு ஆபத்துக் கூடியது. பிறகு அந்தக் கனத்த தாய் குட்டிமேல் படுத்து நசித்துவிடாமல் இரவிரவாகக் காவல் இருந்து, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் குட்டிகளைப் பாலுக்குப் பிடிக்க வேண்டும். இணையும்போதுகூடப் பல இடங்களில் மனிதருடைய உதவியோ செயற்கைமுறைச் சினைப்படுத்தலோ தேவைப்படுகிறது. தானாக இணைய முடியாமல், தானாகப் பெறவும் முடியாமல் ஒரு பிராணி. மனிதர் கையை எடுத்துவிட்டால் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும்.

இப்போது அந்த ஆறு மாதக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு மாதக் குட்டியாக வாங்கினால், ஒன்றரை இரண்டு வயது ஆகுமுன் பெட்டையைச் சினைப்படுத்துவது நல்லதல்ல. நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். பிறந்த குட்டி எட்டுக் கிழமையாவது தாயோடு நிற்க வேண்டும். ஆகவே முதல் ரூபா கைக்கு வர இரண்டு வருடத்துக்குக் கிட்ட ஆகும். அதுவரைக்கும் தீன் காசு, ஊசிக் காசு, தோல் மடிப்புக்குள் ஊறிப் புண் வந்தால் அதற்கு மருந்து. பேற்றுக்குச் சத்திரசிகிச்சை. இரவு பன்னிரண்டு மணிக்கு வலி எடுத்தால் சத்திரசிகிச்சை செய்யக்கூடிய மிருக வைத்தியர் எத்தனை மைலில் இருக்கிறார், வாகனத்துக்கு என்ன செய்வீர்கள்? தாய் செத்தால் முதலும் போய்விடும். கிழமைக் கடன் வசூலிக்க வருகிறவர் இதையெல்லாம் கேட்க மாட்டார். கடன் எடுத்து இந்தத் தொழிலில் இறங்க வேண்டாம் என்று நான் சொல்லுவது இதனால்தான். வாங்குகிறவர்களும் எங்களுடைய அயலில் இல்லை, கொழும்பில்தான். அங்கே விலை பேசுகிறவர் இடைத்தரகர். ஆட்டுக்குட்டி என்றால் நெல்லியடிச் சந்தைக்கு நாங்களே கொண்டுபோகலாம்.

வெளிநாட்டில் இருக்கிற உறவுகள் "இங்கே எல்லாரும் வளர்க்கிறார்கள்" என்று சொல்லக்கூடும். வளர்க்கிறார்கள், உண்மைதான். ஆனால் அங்கேயே இப்போது கேள்வி எழும்பியிருக்கிறது. 2022 இல் லண்டனில் உள்ள அரச மிருக வைத்தியக் கல்லூரி ஆய்வாளர்கள், ஒரு வருடத்துக்குள் ஏதாவதொரு நோய் வருகிற வாய்ப்பு மற்ற நாய்களைவிடப் புல்டோக்குக்கு இரண்டு மடங்கு என்று காட்டினார்கள். நெதர்லாந்தில் 2019 தொடக்கம், மூக்கின் நீளம் மண்டை நீளத்தின் மூன்றிலொரு பங்காவது இல்லாத நாயை இனப்பெருக்கத்துக்குப் பாவிக்க முடியாது. நோர்வேயில் 2022 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம், இந்த நாயை இப்படி இனப்பெருக்குவதே மிருகவதைதான் என்று தீர்ப்பளித்தது. அதே வருடம் மேல்நீதிமன்றம் புல்டோக்கைப் பொறுத்தவரை அதை மாற்றிவிட்டது. வழக்கில் இருந்த மற்ற இனமான கவலியர் நாய்க்கு மட்டும் தடை நின்றது. எங்களுக்குக் கிட்ட, தமிழ்நாட்டில் 2024 இல் வந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில், பிரெஞ்சு புல்டோக், பக், ஹஸ்கி, சென் பேர்னாட் உட்பட 11 வெளிநாட்டு இனங்களை அங்கே இனப்பெருக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வெக்கைக்கு அவை ஏற்றவையல்ல என்பது காரணம். தமிழ்நாட்டு வெக்கைக்கும் வடமராட்சி வெக்கைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

திருத்தப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் டேவிட் லெவிற் என்பவர் 1971 இல் புல்டோக்கோடு வேறு பலமான இனங்களைக் கலந்து, அந்தப் பழைய படத்தில் இருப்பதுபோல உயரமான, மூச்சு விடக்கூடிய நாயைத் திரும்ப உண்டாக்கத் தொடங்கினார். கெடுக்க நூறு வருடம் எடுத்ததைத் திருத்தலாம் என்று அவர் காட்டினார். ஆனால் கடையில் விலை கேட்பவர்களுக்கு அந்த நாய் வேண்டாம், சப்பட்டை முகந்தான் வேண்டும்.

தமிழரிடம் தெரிந்தெடுத்து வளர்த்த நாய் இனங்கள் இல்லையோ என்று கேட்பீர்கள். இருக்கின்றன. தமிழ்நாட்டில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று ஊர்ப் பெயரோடும் குணத்தோடும் சொல்லுகிற இனங்கள் உண்டு. முயல் பிடிக்கவும் தோட்டம் காக்கவும் வளர்த்தவை. ஒட்டிய வயிறு, நீண்ட கால், நீண்ட மூக்கு. வெயிலில் ஓடுகிற உடம்பு. இராஜபாளையம் நாய்க்கு 2005 இல் இந்தியா முத்திரையும் வெளியிட்டது. வேலை இருந்தவரைக்கும் உடம்பு கெடவில்லை. ஆனால் அங்கேயும் பால்வெள்ளை நிறம்தான் அழகு என்று வெள்ளையையே வெள்ளையோடு இணைத்ததால், காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. ஆகவே வெள்ளைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

எங்களுடைய ஊர் நாய்க்கு இனப் பெயர் இல்லை. சங்கமும் இல்லை, பரிசும் இல்லை. வீமன், ரைகர், ஜிம்மி என்று நாங்கள் வைக்கிற பெயர்தான் அதற்கு உள்ள பட்டம். பார்த்துப் பார்த்து இணைத்தவர் ஒருவரும் இல்லாதபடியால்தான் அதன் மூக்கு நீளமாக இருக்கிறது, பேறு சுகமாக நடக்கிறது, மிஞ்சின சோற்றிலும் மீன் தலையிலும் உயிர் வாழ்கிறது. ஆண் துணையில்லாத வீட்டில் இரவில் படலையடியில் ஒரு நாய் படுத்திருப்பது என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது குரைக்கிற விதத்தில் வந்தவர் தெரிந்தவரா தெரியாதவரா என்று பாயில் கிடந்தபடியே அறிந்தவர்கள் நாங்கள். குரைத்தால் ஆபத்து என்று நாயின் வாயைப் பொத்திப் பிடித்த இரவுகளும் இருந்தன. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டு வந்தவர்களில், நாயை அவிழ்த்துவிட்டு வந்தோமா, கட்டினபடி விட்டு வந்தோமா என்று இன்றும் நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். திரும்பிப் போனபோது இடிந்த வீட்டு முற்றத்தில் எலும்பும் தோலுமாக நின்ற நாயைக் கண்டவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. போருக்குப் பிறகு வடக்கில் கண்ணிவெடி தேடும் வேலையில் நாய்களும் நின்றன. மண்ணுக்குக் கீழே கிடக்கிற வெடிமருந்தை மணந்து காட்டுகிற நாய்கள். அந்த வேலைக்குச் சப்பட்டை முகமுள்ள நாயை யாரும் கொண்டுவரவில்லை.

ஆகவே அந்தத் தங்கச்சிக்கும், அதேபோல யோசிக்கிற மற்றவர்களுக்கும்: அண்ணன் அனுப்பும் காசில் ஆட்டுக் கொட்டிலைத் திருத்துங்கள், அல்லது கோழிக்கூடு போடுங்கள். வீட்டுக்குக் காவல் வேண்டுமென்றால் அயலில் போட்ட குட்டிகளில் ஒன்றை வாங்கிவந்து வளருங்கள். பெட்டைக்குட்டி என்று றோட்டில் விடப்பட்டதை எடுத்தால் இன்னும் நல்லது. பிரதேச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் விசாரித்துக் கருத்தடை செய்துவிட்டால் வருடத்துக்கு இரண்டு ஈற்றுக் குட்டி என்ற கவலை இல்லை. விசர்நாய்த் தடுப்பூசியைக் குட்டியில் தொடங்கி வருடாவருடம் போட்டு, ஊசி அட்டையைப் பிள்ளைகளின் கிளினிக் கொப்பியோடு வையுங்கள். நாய்களைப் பதியும் சட்டம் இலங்கையில் 1901 தொடக்கம் இருக்கிறது. 2006 இலிருந்து தெருநாய்களைக் கொல்லுவதை அரசாங்கம் நிறுத்திவிட்டபடியால், ஊசியும் கருத்தடையும்தான் எங்களுக்கு இருக்கிற வழி.

ஏற்கெனவே யாராவது புல்டோக்கோ பக் நாயோ வைத்திருந்தால் அதை வெறுக்க வேண்டாம், அது என்ன பாவம் செய்தது? காலை எட்டு மணிக்குப் பிறகும் மாலை ஐந்து மணிக்கு முன்பும் வெயிலில் நடத்தாதீர்கள். கழுத்துப் பட்டி போடாமல் நெஞ்சைச் சுற்றிப் போடுகிற வாரைப் பாவியுங்கள். முக மடிப்புகளை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உடம்பு வைக்க விடாதீர்கள். நாக்கு நீலம் பாய்ந்தால், அல்லது இளைப்பு நிற்காமல் நுரை தள்ளினால், நிழலுக்குக் கொண்டுபோய்க் கிணற்றுத் தண்ணீரை உடம்பில் ஊற்றி, காற்றுப் படவைத்து, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். அந்தப் பெட்டையை இனிச் சினைப்படுத்த வேண்டாம்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், வீட்டு நாய்தானே என்று மஞ்சளும் எண்ணெயும் பூசிவிட்டு இருக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். வடமராட்சியில் உள்ளவர்கள் மந்திகை ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம். ஊசிக்குக் காசு இல்லை. கடித்த நாயை அடித்துக் கொல்லாமல், கட்டி வைத்துப் பதினான்கு நாள் பாருங்கள்.

அடுத்த இதழில் கோழிக்குஞ்சுகளுக்கு வருகிற ராணிக்கெட் நோய் பற்றிப் பார்ப்போம்.